பொன்னுருக்கில் பொங்கிய கல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சம்மட்டி பிடித்த கை, பேனாவையும் சம்மட்டியாகவே நினைக்கிறது. எழுத்து நசுங்கித்தான் விழும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே தாய் பிள்ளைகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றேன் (அதற்கு மேல் அங்கே வகுப்பே இல்லை). நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து சொந்தக்காரர் அத்தனை பேரும் என்னைச் 'சோடா மாப்பிள்ளை' என்கிறார்கள். இது என்ன நியாயம்?

அப்போது ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் ரயில் பாதைக்குச் சல்லி உடைக்கும் கல்குழியில் எனக்கு வேலை. மாமா மகள் அஞ்சலையை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். நடுவில் ஜோசியர் புகுந்தார். அவளுக்குக் குரு பலம் போதாதாம். புஷ்பராகம் வைத்த மூக்குத்தி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரவேண்டுமாம்.

"கல்லு இல்லன்னா கூலாய் ஊரு சம்பந்தம் காத்துக்கிட்டு இருக்கு, மாப்பிள" என்றார் மாமா.

கூலாய்க்காரனிடம் சொந்தமாகச் சைக்கிள் இருந்தது. (என்னிடம் சம்மட்டி இருந்தது.)

அந்தக் கவலையோடு ஒரு கருங்கல்லைப் பிளந்தேன். உள்ளே வெள்ளையாக ஓடிய வரிக்குள் தேன் நிறத்தில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவுதான், ஆனால் உள்ளங்கையில் ஈயக்குண்டு போலக் கனத்தது. துடைத்தால் மெழுகு தடவியதுபோல் மினுங்கியது. தச்சன் இழைத்ததுபோல் நேரான ஆறு பக்கம் வேறு. ஆறு பக்கமுள்ள கல்லை ஆறுமுகன் அனுப்பாமல் வேறு யார் அனுப்புவார்? கல்குழியிலேயே விழுந்து கும்பிட்டேன். ராத்திரி பாலில் போட்டுத் தோஷம் பார்த்தேன். பால் திரியவில்லை. (பாதி தண்ணீர், எப்படித் திரியும்?)

தாலிக்குப் பொன் உருக்கும் நாள் வந்தது. மாமா வீட்டு வாசல் பந்தலில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜொகூர் பாருவிலிருந்து ரயிலேறி வந்த பத்தர் கரி அடுப்பை மூட்டினார். நான் வெற்றிலைத் தட்டில் கல்லை வைத்து ராஜாவைப்போல் நீட்டினேன்.

பத்தர் அதன் மேல் அரத்தை ஓர் இழுப்பு இழுத்தார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"தம்பி, புஷ்பராகத்துல அரம் ஏறாது. இது கத்தி பட்டாலே கீறும்."

"அரம் புதுசா இருக்கும்" என்றேன். (சபையில் நான் பேசிய முதல் வார்த்தை.)

அத்தை எனக்காகப் பரிந்து வந்தார். "எம் மருமவன் பொய் சொல்லாது. அழுக்கா இருக்கும். கழுவிப் பாருங்க, பத்தரே."

நகை கழுவச் சூடாக்கி வைத்திருந்த திராவகத்தில் பத்தர் கல்லைப் போட்டார். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஒரு குமிழி. இன்னொன்று. அப்புறம் கல் முழுக்க நுரை பொங்கி வந்தது.

"அலமாக்! கல்லு மூச்சு விடுது!" என்று அத்தை எழுந்தே விட்டார்.

"மூச்சா? சோடா லா!" என்றார் மாமா. "மாப்பிள வீட்டுச் சீரு, சோடா!"

பந்தல் குலுங்கியது. மாமா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பத்தரே, பொன்ன உருக்காதீங்க. நான் கூலாய்க்கு ஆள் அனுப்பறேன்."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல்தான் வந்தது.

"அப்பா, மூக்கு என்னோடது. அதுல கல்லு வேணுமா வேணாமான்னு நான்தான் சொல்லணும். நல்ல நேரம் போவுது, உருக்கச் சொல்லுங்க."

"குரு பலம்?"

"சைக்கிள் வச்சிருந்தா குரு வந்து பின்னால உக்காந்துக்குவாரா?"

மாமா திறந்த வாயை மூடுவதற்குள் பத்தர் ஊதுகுழலை எடுத்துவிட்டார். தாலி உருவானது.

பிறகு கல் வகைகளை ஆராயக் கல்குழிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம், பளபளப்பு போய் மங்கிக் கிடந்த அந்தக் கல்லைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் துள்ளினார். ஏதோ பெயர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. கருங்கல் வரிகளுக்குள் எப்போதாவது ஒளிந்திருக்குமாம். அதற்குள் உலகத்தில் எளிதில் சிக்காத மண் வகைகள் இருக்கின்றனவாம். "சூசா டப்பாட்" என்று மலாயில் சொன்னார்: கிடைப்பது கஷ்டம். புஷ்பராகத்தையாவது கடையில் வாங்கலாம்; இதை வாங்க முடியாது!

"அப்படியானால் ஏன் நுரைத்தது?" என்று கேட்டேன்.

சோடாவில் அடைக்கிற அதே காற்று அந்தக் கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறதாம். திராவகம் பட்டால் வெளியே வருமாம்.

அதாவது, மாமா சொன்னது சரி. இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஓடிப்போய், "அபூர்வமான கல்லு மாமா!" என்றேன். "அப்ப அபூர்வமான சோடா" என்றார்.

அஞ்சலை இன்றைக்கும் கல் இல்லாத பொட்டு மூக்குத்திதான் போட்டிருக்கிறாள். நாளை எங்கள் மூத்த மகளுக்குப் பொன்னுருக்கு. அதே பத்தர் வருகிறார். சம்பந்தி வீட்டாருக்கு வேடிக்கை காட்ட வேண்டும், அந்தக் கல்லை எடுத்து வை என்று மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். கல் என் மடியில் பத்திரமாக இருக்கிறது. கொடுக்கவே மாட்டேன் என்று இதன் மூலம் எழுதி வைக்கிறேன்.

(அஞ்சலை கேட்டால் கொடுத்துவிடுவேன்.)

லாயாங் லாயாங்,
1936ஆம் வருஷம், தை மாதம் 18ஆம் தேதி.