என் போனை எடுத்த அண்ணனுக்கு

பேரன்புக்குரிய அண்ணன் ஊட்முன் அவர்களுக்கு,

தங்கை தூருன் எழுதுவது. நான் நலம். தாங்களும் அண்ணியும் படகும் நலமென்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு மலைக்குடிலில் தாங்கள் வைத்த மீன் சூப்புக்கு நன்றி. உப்பு சற்றுக் கூடுதல்.

மரியாதை இத்துடன் முடிந்தது. நீ செய்த காரியத்துக்கு ‘நீ’ போதும்.

குடிலில் போனை மறந்துவிட்டு வந்தது என் தப்பு. அது அடித்தால் நீ ஏன் எடுக்க வேண்டும்? இத்தனை காலம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு மனுப் போடுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே அது சம்பளமுள்ள வேலை என்பதால் உலகம் முழுவதிலிருந்தும் இளம்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பல்கலைக்கழக விளம்பரங்களைத் துழாவினேன். ஒன்றில் பனிக்கட்டிக்குள் வாழும் நுண்ணுயிர், இன்னொன்றில் கலைமானின் ஏப்பம். கடைசியில் ட்ரோம்சோவில் ஒன்று, எனக்கென்றே வெட்டித் தைத்த மாதிரி: மீனவர்கள் தாங்கள் பிடித்ததாகச் சொல்லும் மீன் கணக்கை எவ்வளவு நம்பலாம்? நமக்கெதற்கு வேண்டாத வேலை என்று சொல்லிக்கொண்டே மனுவைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். எனக்கு அது வேண்டியிருந்தது, அண்ணா.

நேர்காணலுக்கு அழைக்கத்தான் பேராசிரியர் குன்வோர் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது நீ. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது பெருமையாக வேறு சொன்னாய்: “பதினாலாம் தேதி வரச் சொன்னாங்க. நல்ல பொம்பளை, ரொம்ப நேரம் பேசினோம். உன்னப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன்.”

உள்ளது என்னவென்று ட்ரோம்சோ போன பிறகுதான் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் பாடுபட்டு வரைந்த புள்ளிவிவரப் படங்களைப் பிரிப்பதற்குள் குன்வோர் கேட்கிறார்: “அண்ணன் புடிச்ச காட் மீனை மறுபடி நிறுத்துப் பாத்தது நீங்கதானே?” எனக்குக் காது சூடாகிவிட்டது. “அவரு சொன்னாரு, ‘என் தங்கச்சி பெத்த தாய் சொன்னாக்கூட நம்பமாட்டா. முப்பது கிலோன்னு பத்திரிகைக்காரன் படம் எடுக்கிற நேரத்துல தராசோட வந்து நின்னா. மீன் வயித்துல நான் திணிச்சு வெச்ச ஈயக்குண்டையும் எல்லார் முன்னாடியும் வெளிய எடுத்தா. இவள வேலைக்கு வெச்சா ஒரு மீனவனும் உங்ககூட பேசமாட்டான்’னு.” மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “இருவத்தி நாலு கிலோதான்,” என்று திருத்தினேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் என் படங்களை ஒருவரும் கேட்கவில்லை. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து ஒரு வாஃபிளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனிப்புக் கொடுத்து வழியனுப்பினால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா?

ஆகவே இந்தக் கோடையில் நான் குடிலுக்கு வரமாட்டேன். படகுக்குச் சாயம் அடிக்கவும் வேறு ஆளைப் பார்த்துக்கொள். அந்த வேலையில் எனக்கு முதலிலிருந்தே நாட்டமில்லை என்பதையும் அண்ணியிடம் சொல்லிவை.

கடல் உங்கள் இருவருக்கும் குறைவில்லாமல் மீன் தரட்டும். உள்ள எடையோடு தரட்டும்.

இப்படிக்கு,
தூருன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் குன்வோர் கூப்பிட்டார். வேலை எனக்குத்தான்! “எத்தனையோ பேருகிட்ட சிபாரிசு கேட்டோம், உங்க அண்ணன் மாதிரி ஒருத்தரும் சொல்லல” என்றார். ஆகஸ்டில் சேர்கிறேன். படகுக்கு என்ன நிறம் வாங்கட்டும்? நாலு வருஷம் கழித்து, பட்டம் வாங்கினவர்களுக்கான அடுத்த ஆராய்ச்சிப் பதவிக்கு மனுப் போடும்போதும் போனை உன் குடிலில்தான் மறந்து வைப்பேன். அடித்தால் எடு. இருபத்து நாலு என்று மட்டும் சொல்.