குழிக்கு இங்கிலீஷில் பிட்

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். தோட்டத்துக்கு வரும் விவசாய ஆபீசருக்கு எருக்குழியைக் காட்ட வேண்டும்.

அவர் சொல்லியனுப்பியபடி ஆழமாக வெட்டி, சாணியும் சருகும் கொட்டி, வெயில் படாமல் தென்னங்கீற்றால் மூடி வைத்திருந்தோம். குழி அவருக்குப் பிடித்தால்தான் புதுப் பருத்தி விதை கிடைக்கும். போன வருசத்துப் பருத்தியைப் புழு தின்றுவிட்டது. இந்த விதையைத்தான் நம்பியிருந்தோம்.

என் வீட்டுக்காரர் எருது வாங்கப் பல்லடம் கிளம்பினார்.

"ஆபீசர் வடக்கத்திக்காரரு, தமிழ் தெரியாது. குழிக்கு இங்கிலீசுல பிட். அதைச் சொல்லிப்போடு, போதும்."

"ஏனுங்க, நானா பேசறது?"

"ஒரே வார்த்தைதான புள்ள."

மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் என்றால் சும்மாவா? அடுப்பிடம் சொன்னேன், எருமையிடம் சொன்னேன். பிட், பிட். அர்த்தம் தெரிந்துவிட்டது. யாரிடம், எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆபீசர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, மினுக்கும் பூட்ஸ்.

வேற்று ஆண்களிடம் நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இடுப்பிலிருக்கும் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்வேன். கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அவர் நேராகத் தென்னங்கீற்றைப் பார்த்து நடந்தார்.

"கண்ணு, பிட்," என்றேன் குழந்தையிடம்.

பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. திரும்பிச் சிரித்து, "குட்," என்றார்.

ஒருவேளை மரியாதை குறைந்துவிட்டதோ?

"கண்ணு, பிட்டுங்க."

"வெரி குட்," என்று குழந்தைக்குக் கையசைத்தபடியே பின்னால் ஒரு எட்டு வைத்தார்.

இடுப்பு வரைக்கும் போய்விட்டார்.

"பிட்!" என்று அவரே அலறினார்.

"ஆமாங்க," என்றேன். வேற்று ஆளிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கை கொடுக்க வெட்கம். எருமைக் கயிற்றை நீட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், "குழியப் பாத்தாரா?" என்றார்.

"உள்ளயே எறங்கிப் பாத்தாருங்க."

நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "வெதை போச்சு."

போகவில்லை. அடுத்த வாரமே விதை வந்தது. எரு நன்றாக மக்கியிருந்ததாம். அதை ஆபீசரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

இப்போதும் ஆபீசர் வருகிறார். ஆனால் தோட்டத்துக்குள் நான் முன்னால் நடந்தால்தான் அவர் காலெடுத்து வைக்கிறார்.