இடது தோளுக்கு ஒரு கசரத்து

ஏனுங்க, உங்கள் வீட்டுக்காரர் விடியற்காலையில் தரையோடு மல்லுக்கட்டி நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். தரைதான் ஜெயித்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. பேர் வெள்ளியங்கிரி. வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் தோஷமில்லை. மில் விட்டால் நேரே சுந்தரராஜுலு வஸ்தாதின் கசரத்துக் கூடம். அங்கே இரும்புக் குண்டு தூக்குவார், கர்லாக்கட்டை சுற்றுவார். வீட்டுக்கு வந்து களியைத் தின்றுவிட்டுப் படுத்தால், இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார்.

சாயங்காலத்தைக் குண்டு எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு விடியற்காலை இருந்தது. மாமியார் எதிரில் புருஷனோடு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மாமியார் காளியாத்தாள் மில் சங்கு ஊதினால்தான் பாயை விட்டு எழுவார். கோழி கூவினது முதல் சங்கு ஊதுகிற வரைக்கும் என் புருஷன் எனக்கு. அடுப்படியில் உட்கார்ந்து ஏதாவது சொல்லுவார். அதை வைத்துக்கொண்டு பகலெல்லாம் மனசுக்குள் மென்றுகொண்டிருப்பேன்.

அதிலும் மண் விழுந்தது.

"அம்மணி, குண்டு மட்டும் தூக்குனாப் பத்தாதாம். வஸ்தாது சொல்லிப்போட்டாரு. அவனவன் உடம்பையும் அவனவனே தூக்கோணுமாம். நாளையிலிருந்து தெனமும் காலைல தண்டால், பஸ்கி."

"உங்க உடம்ப இத்தன நாளும் யாருங்க தூக்கிட்டுத் திரிஞ்சாங்க?"

"உனக்குப் புரியாது. இன்னொண்ணு கேட்டுக்க. அப்பப் பேசப்படாது. பேசுனா மூச்சுப் போயிரும்."

மறுநாளிலிருந்து லங்கோட்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு எதிரே குப்புற விழுவதும் எழுவதுமாக இருந்தார். எங்கள் குழந்தை சாந்தாமணி தவழ்கிற வயசு. அப்பனும் தவழப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டு, எதிரே போய் முகத்தோடு முகம் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன்.

"ஏனுங்க, காரமடைத் தேருக்குப் போலாமுங்களா?"

"ம்."

"வெள்ளகோயில்ல எங்கம்மாவப் பாத்து வருசமாகப் போகுது. ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுங்களா?"

"ம்."

"வேற யாரையாச்சும் கட்டிக்கட்டுங்களா?"

"ம்."

சம்மதமா மூச்சா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டால் முடிந்தால் பஸ்கி. பஸ்கி முடிந்தால் சங்கு. சங்கு ஊதினால் மாமியார். அப்புறம் இன்னொரு நாள் முழுக்க நானும் வெங்காயமும்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனுக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏக்கம் போகவில்லை.

ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது சும்மா சொன்னேன்.

"மாமா, எடது தோளு கொஞ்சம் வாடியிருக்குதுங்க."

"எங்க?"

"ஒண்ணுமில்லீங்க. உத்துப் பாத்தாத்தான் தெரியுது."

அவ்வளவுதான். மனுசர் கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். சட்டையைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். மறுநாள் கோழிக்கு முன்னால் எழுந்து என்னை உசுப்பினார்.

"புள்ள, இன்னும் வாடித்தான் இருக்குதா?"

"நேத்துக்கு இன்னைக்குக் கொஞ்சம் கூடத்தானுங்க."

"இதுக்கு என்ன பண்றது?"

"எனக்கென்னங்க தெரியும்? எங்கூர்ப் பொம்பளைகளுக்கு ரெண்டு தோளும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கை மாத்திக் கை மாத்தித் திருகை சுத்தறதுனாலயோ என்னமோ."

"அது பொம்பளை வேலை."

"ஆமாங்க. நீங்க சுத்தாதீங்க. அந்தக் கல்லு கொஞ்சம் கனம்."

கனம் என்றதும் ராகி மூட்டையை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் திரிக்கிற ராகி அன்றைக்கு விடியற்காலைக்கு வந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். திருகையின் கைப்பிடியில் என் கை கீழே, அவர் கை மேலே. இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. பிடித்தால் என்னை நினைவிருக்கிறது அதற்கு.

"பேசாம சுத்தோணுமா?" என்றார் வஸ்தாதைக் கேட்பதுபோல.

"ஐயோ, பேசாம இருந்தா மூச்சு அடைச்சுக்குமுங்க. இதுக்குப் பேசிக்கிட்டேதான் சுத்தோணும். அதுவும் ஆம்பளைதான் நெறையப் பேசோணும்."

"அம்மா எந்திரிச்சுக்குவாளே."

"அத்தைக்குத் திருகைச் சத்தந்தானுங்க தாலாட்டு. நம்ம பேச்சு அவங்களுக்குக் கேக்காது."

அப்புறம் பாருங்கள், அணை உடைந்த மாதிரி. மில் மேஸ்திரி பாலுசாமி கதையைச் சொன்னார். ஒரு எந்திரம் ரெண்டு நாளாக அழுகிறதாம். மேஸ்திரி எண்ணெய் விட்டாராம். அப்பவும் அழுததாம். கழற்றிப் பார்த்தாராம். கழற்றினதுக்கப்புறமும் அழுததாம். கடைசியில் பார்த்தால் பூனை குட்டி போட்டிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் ராகியெல்லாம் சிதறிவிட்டது. தேருக்குப் போவதையும் பேசினோம். இந்தத் தடவை "ம்" இல்லை; "போலாம் அம்மணி, நீ அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்க" என்று முழுசாகச் சொன்னார்.

தண்டால் நின்றுபோயிற்று. திருகை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் மாவுப் பானைகள் பெருகின. அண்டை அயலில் எல்லாருக்கும் மாவு கொடுத்தேன். கசரத்துக் கூடத்தில் இவர், கல்லை வைத்துப் புதுசாக ஒரு பயிற்சி கண்டுபிடித்திருப்பதாகவும், உட்கார்ந்தே செய்யலாம் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

ஒருநாள் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். சங்கு ஊதியது. மாமியார் எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நான் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எடது தோளுக்குக் கசரத்து பண்றனுங்கம்மா."

மாமியார் மகனைச் சுற்றி வந்து இரண்டு தோளையும் தொட்டுப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வாய்க்குள் சிரிப்பு.

"உன்ற தோளு ரெண்டும் பொறந்ததுலிருந்து ஒண்ணாத்தான் சாமி இருக்குது. அது கெடக்குது. நாளைக்குக் கொஞ்சம் மெதுவாச் சுத்துங்க கண்ணு. அன்னைக்குச் சொன்னயே, அந்தப் பூனை எங்க குட்டி போட்டுதுன்னு எனக்குச் சரியாக் கேக்கல."