பாதியில் அறுந்த இறால் சூப்

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை எழுதுவது சுலபம்.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. கள்ளக்குறிச்சியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையின் ஓட்டைகளில் வயரைச் செருகி, இந்த ஊரை அந்த ஊரோடு பேசவைக்க வேண்டும். உலகத்தையே நான்தான் இணைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு. (நினைப்புக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.)

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்த என் அண்ணன் செல்வம், தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த குமாரை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்திருந்தான். திருநாவலூர்க்காரர். விடுமுறையில் ஊருக்கு வந்தவர், தன் அப்பாவோடு பெண் பார்க்க வந்தார். அன்றைக்கு அவர் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் ஒரு சூப்பைப் பற்றி.

“அங்க சாப்பாடெல்லாம் எப்பிடி தம்பி?” என்று என் அப்பா சும்மா கேட்டுவைத்தார்.

“சாப்பாடு பரவால்லீங்க. ஆனா தாய்லாந்துக்காரங்க கடையில எறா போட்டு ஒரு சூப்பு வெப்பாங்க பாருங்க... புளிப்பு, காரம், ஒரு வாசன. ஒரு வாய் குடிச்சா உச்சந்தலை வரிக்கும் ஜிவ்வுன்னு ஏறும்!”

சொல்லும்போது அவர் கண் மின்னியது. என்னைப் பார்த்தபோதுகூட அப்படி மின்னவில்லை.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சூப்பின் மேல் கொஞ்சம் பொறாமையும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் எங்கள் வீட்டில் கை நனைக்க வருவதாகப் பேசி முடித்தார்கள். பெண் வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை காப்பித் தண்ணீரோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அந்தச் சூப்பை நானே வைத்து அவர் முன்னால் வைப்பது என்று முடிவெடுத்தேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் எங்கள் டெலிபோன் நிலையத்துக்குப் போன் செய்தான். எங்கள் வீட்டில் போன் இல்லாததால் மாதம் ஒருமுறை அங்கேதான் கூப்பிடுவான். கல்யாணப் பேச்சை அவன் ஆரம்பிப்பதற்குள் நான் சூப்பை ஆரம்பித்தேன்.

“அதுவா? ரொம்ப சுலபம் தேனு. பத்து நிமிஷ வேல. எறா, தேங்காப்பாலு, பச்ச மொளகா, எலுமிச்சம்பழம், நாரத்த எல நாலு. அப்பறம் எலுமிச்சப் புல்லு வேணும். நம்ம மலையிலயே கெடைக்கும். கூட ஒரு வேரு போடுவாங்க. நீ சித்தரத்த வாங்கிக்கோ.”

“சித்தரத்தையா? அது இருமலுக்குக் குடுக்கறதாச்சேண்ணா!”

“அதேதான். மீன் தண்ணின்னு ஒண்ணு இருக்குது, அது அங்க கெடைக்காது, வுட்டுடு. இப்ப சொல்றத நல்லா கேட்டுக்கோ. இதான் ரொம்ப முக்கியம். அந்தப் புல்லையும் வேரையும் மட்டும் நல்லா—”

அவ்வளவுதான். ஒரு ‘கொர்’ சத்தம். அப்புறம் கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி அமைதி.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அன்றைக்குக் காலையில்தான் மறியல் தொடங்கியிருந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரம் சாய்ந்தபோது டெலிபோன் கம்பமும் சேர்ந்து சாய்ந்துவிட்டது. பலகையில் இருந்த எல்லா லைன்களும் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. அந்த நாட்களின் கோபமும் துக்கமும் பெரிய விஷயம். அதை எழுதத் தகுதியானவர்கள் எழுதட்டும். எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை, ‘நல்லா’வுக்கு அப்புறம் என்ன என்பதுதான். ஊரையெல்லாம் இணைத்துவைத்த எனக்கு என் ஒரு வாக்கியத்தை இணைத்துக்கொள்ள முடியவில்லை.

பஸ் ஓடவில்லை. சாய்ந்த மரங்களைச் சுற்றி, வயல் வரப்பில் இறங்கி ஏறி, நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அதே யோசனை. புல்லையும் வேரையும் நல்லா... கழுவணுமா? வறுக்கணுமா?

“இதுல இன்னாடி யோசன? அரைக்கணும்னு சொல்லியிருப்பான்” என்றாள் அம்மா. “பொருள வாங்கி அரைக்காம பின்ன மோந்து பாக்கவா?”

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

சித்தரத்தை நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. புல்லுக்கு எங்கள் லைன்மேன் மாணிக்கம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அறுந்த கம்பிகளைத் தேடிக்கொண்டு அவர் மலைமேல் கரியாலூர் வரைக்கும் சைக்கிளிலேயே போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் ஒரு புல்லுக்கட்டை ‘தொப்’பென்று போட்டார். ஒரு மாடு இரண்டு நாளைக்குத் தின்னும் அளவு.

“ஏம்மா, மலையில பாதி புல்லுதான். வாசன வர்றதுன்னு சொன்னியே, அதான் மோந்து மோந்து பாத்து அறுத்தாந்தேன். ஜாஸ்தியா போச்சா?”

“கம்மியா இருந்தாதாண்ணா கஷ்டம்” என்றேன் நான், பெரிய சமையல்காரி மாதிரி.

அடுத்தது இறால். கடலூரிலிருந்து மீன் வண்டி வர வழியில்லை. அப்பா கோமுகி அணைக்குப் போய், வலை போடுகிறவரிடம் அரை வாளி இறால் வாங்கி வந்தார். எல்லாம் உயிரோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியைச் சமையலறையில் வைத்து மூடியைத் திறந்ததுதான் தாமதம், கடுகு வெடிக்கிற மாதிரி துள்ள ஆரம்பித்தன. ஒன்று அரிசிப் பானையில் விழுந்தது. ஒன்று அம்மாவின் முந்தானையில் ஏறிக்கொண்டது.

“அடியே, புடிடி! கல்யாணமும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம், மொதல்ல இத புடி!” என்று அம்மா நெல் மூட்டை மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினாள். நான் முறத்தை வைத்துத் துரத்திக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமான காலைப்பொழுது என் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை. பாட்டு வேறு வந்தது.

இறாலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. தலையையும் மீசையையும் அழகுக்காக விட்டுவைத்தேன். பிறகு அம்மியில் உட்கார்ந்தேன். எட்டுத் தண்டு புல். ஒரு கை நிறையச் சித்தரத்தை. ஒரு மணி நேரம் அரைத்தேன். புல் அரைபடவில்லை. நார் நாராகக் குழவியைச் சுற்றிக்கொண்டது.

“புல்ல அரைச்சி மனுஷனுக்கு ஊத்தறதா? நம்ம வூட்டு மாடுகூட அரைச்சிக் குடுன்னு கேட்டதில்ல” என்றாள் அம்மா. அரைக்கச் சொன்னவளே அவள்தான் என்பதை மறந்துவிட்டாள்.

அண்ணன் விட்டுவிடச் சொன்ன மீன் தண்ணீரையும் நான் விடவில்லை. கருவாட்டை ஊறவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினேன். தேங்காய்ப்பால் திரிந்தது. நிறம், மழைக்கு மறுநாள் ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் வாசனை! தெருமுனை வரை போனது. எங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, கசாயம் காய்ச்சுகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

மத்தியானம் ஒரு மணிக்கு அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். ஒரே சைக்கிள். விடிவதற்குமுன் திருநாவலூரில் கிளம்பியவர்கள். வேட்டியெல்லாம் மண்.

“எத்தன மரம்மா!” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, இருமிக்கொண்டே. பல மாதமாக விடாத இருமலாம். “மரத்துக்கு மரம் நிறுத்தி எங்க போறீங்கன்னாங்க. பொண்ணு வூட்ல கை நனைக்கப் போறோம்னு சொன்னா, அவங்களே சைக்கிள தூக்கி அந்தாண்ட வெச்சாங்க. ஒரு எடத்துல மட்டும் ஒரு மணி நேரம் எங்க கூட ஒக்காந்துட்டுப் போங்கன்னாங்க. ஒக்காந்துட்டுதான் வர்றோம்.”

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு முதலில் சோற்றைப் போடுவதுதான் மனிதத்தன்மை. நான் சூப்பைக் கொண்டுபோனேன். இரண்டு கிண்ணம். கிண்ணத்தின் ஓரமாக இறால்கள் மீசையோடு எட்டிப் பார்த்தன.

குமார் குனிந்து மோந்து பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம். அவர் அப்பா பசியில் எதையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

கண் விரிந்தது. காது சிவந்தது. பிறகு தொண்டைக்குள் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். பூக்கட்டும் நார் மாதிரி இழுக்க இழுக்க வந்தது.

“இன்னாம்மா இது?”

“புல்லுங்க மாமா.”

“புல்லா? மாடு திங்கறதா?”

“இல்லீங்க மாமா. இத மாடு திங்காது.”

“மாடே திங்காதா!” என்றவர் இரும ஆரம்பித்தார். சாதாரண இருமல் இல்லை, அடி வயிற்றிலிருந்து. எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். என் அப்பா “ஏங்க, இருங்க, இருங்க” என்று பின்னாலேயே ஓடினார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. போச்சு. அதுவும் கணக்குப் பார்த்தால் இன்னும் கை நனையவே இல்லை. கிண்ணத்தைத் தூக்கித்தானே குடித்தார்! சூப்பு வைத்தால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. முதலில் சோறும் குழம்பும் பரிமாறியிருந்தால் இந்நேரம் சம்பந்தம் முடிந்திருக்கும். கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் சரியாகக் கால் கட்டைவிரலில் விழுந்தது.

“இங்க பாருங்க” என்று ஒரு குரல்.

நிமிர்ந்தேன். குமார் என்னைப் பார்த்தபடியே வலது கையின் ஐந்து விரலையும் கிண்ணத்துக்குள் விட்டார். மணிக்கட்டு வரைக்கும். சூடு ஆறாத சூப். அடியில் துழாவி ஓர் இறாலைப் பிடித்து, மீசையோடு வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, ஒருவழியாக விழுங்கினார்.

“எறா நல்லா வெந்துருக்குது” என்றார்.

அது செருப்பு வார் மாதிரி இருந்ததை நான் பிறகு தின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நிமிடத்தில் அவருடைய கை நனைந்து மணிக்கட்டில் கலங்கலாக வழிந்துகொண்டிருந்தது. என் உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது.

வெளியே இருமல் நின்றது. மாமா திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

“ஏம்மா, அது இன்னும் இருக்குதா?”

“எ... எதுங்க மாமா?”

“அதான், அந்தப் புல்லு தண்ணி. ஆறு மாசச் சளி, அப்பிடியே கழண்டு வந்துடுச்சி. எந்த டாக்டரும் இந்த மாதிரி குடுக்கலம்மா!”

அன்றைக்கு மாமா மூன்று கிண்ணம் குடித்தார், ஒவ்வொரு முறையும் நாரை உருவி இலையோரம் வைத்துக்கொண்டே. போகும்போது ஒரு பாட்டிலில் வடிகட்டி வாங்கிக்கொண்டார். வழியில் மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மூடி கொடுத்தாராம். அடுத்த மரத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். (இது மாமா சொன்னது. பாதியாகக் குறைத்துக்கொள்ளவும்.)

பத்து நாள் கழித்து லைன் சரியானது. அண்ணன் கூப்பிட்டான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“நல்லா கொதிக்க வுட்டு, வெளிய எடுத்துப் போட்டுடணும்னு சொல்ல வந்தேன். வாசனைக்கு மட்டுந்தான் அது. எடுத்துட்டியா?”

“கல்யாணத் தேதி குறிச்சாச்சுண்ணா” என்றேன்.

கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய், உண்மையான சூப்பை அதே கடையில் குடித்தேன். அருமையாகத்தான் இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா என்னை அம்மியில்தான் உட்கார வைப்பார். ‘தாய்லாந்து கசாயம்’ என்று அதற்கு அவரே பெயர் வைத்தார். எண்பது வயது வரை குடித்தார்.

போன தீபாவளிக்கு என் மகளும் புது மருமகனும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகப்பிள்ளை ஒரே ஒரு தும்மல் போட்டது. என் வீட்டுக்காரர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, மருமகன் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்:

“மாப்ள, தும்மல் நின்னுபோச்சுன்னு சத்தமா சொல்லிடுங்க. உங்க அத்த எழுந்துக்கினு இருக்கறா.”