எக்ஸ்போர்ட் அண்ணனும் கல்கத்தா நேரமும்

கடலுக்கு அஞ்சாத ஆட்கள் எங்கள் இராமநாதபுரம் கரையில் ஊருக்கு நூறு பேர் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் விசைப்பலகைக்கு எக்ஸ்போர்ட் அண்ணன் பயந்த அளவுக்கு, இந்த உலகத்தில் எந்த மனிதரும் எதற்கும் பயந்திருக்க மாட்டார்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் பெரியபட்டினம் பக்கம் ஒரு மீனவர் தகவல் மையத்தில் நான் அறிவிப்பாளராக இருந்தேன். லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று, கூரை மேல் ஒலிபெருக்கி ஒன்று. அன்றன்றைக்கு வரும் காற்று, அலை விவரத்தை மைக்கில் வாசிப்பது என் வேலை. கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டவர் அண்ணன். ‘எக்ஸ்போர்ட்’ என்று தொடங்கும் கட்டளைகளை வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டுவார். ஜன்னலுக்கு வெளியே கேட்டவர்கள் அவரை இறால் ஏற்றுமதிக்காரர் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு அம்மா கூடை நண்டோடு வந்து, “எக்ஸ்போட்டுக்கு கிலோ என்ன வெலைக்கு எடுக்குறீக?” என்று கேட்டார். அண்ணன் சுத்த சைவம். மறுத்தால் சண்டை வந்துவிடுமோ என்று பயந்து கூடையோடு வாங்கிக்கொண்டார்.

‘ரூட்’ என்கிற நிர்வாகி பெயரில் கம்ப்யூட்டருக்குள் போவதென்றால் செருப்பைக் கழற்றுவார், மின்விசிறியை நிறுத்துவார். “ரூட்டா உள்ள போறேன் தாயி, தும்மிராத” என்பார்.

அந்தக் கம்ப்யூட்டர் கிரீன்விச் நேரத்தில் ஓடியது; காற்று விவரத்தின் மணியும் அதிலேயே வரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். நம் நேரத்தைக் காட்டச் சொல்ல ஒரே வரி போதும்: export TZ=Asia/Calcutta.

“நம்ம கடலுக்கு எதுக்குண்ணே கல்கத்தா?” என்று கேட்டேன்.

“இந்தியாவுக்கே அந்தப் பேருதான். மாத்தினா என்னாகுமோ!”

அந்த வரியை எல்லோருக்கும் பொதுவான /etc/profile கோப்பில் எழுதினால், யார் பெயரில் உள்ளே வந்தாலும் நம் நேரம் காட்டும். அண்ணனோ தன் கணக்கில் மட்டும் எழுதிவைத்திருந்தார். “பொதுவுல கைவச்சு ஒரு எழுத்துத் தப்பிருச்சுன்னா எல்லாருக்கும்ல பாதிப்பு? எம்பேருல இருந்தா என்னோட போயிரும்.” தினமும் அவர் பெயரிலேயே விவரம் எடுத்ததால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அண்ணன் தன் அய்யாவுக்குத் திதி கொடுக்க தேவிபட்டினம் போய்விட்டார். நான் என் பெயரில் உள்ளே போனேன். பல நாளாகக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து, வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. ‘காற்று பத்து மணிக்குக் குறையும்’ என்றது திரை. அப்படியே வாசித்தேன்.

பத்து மணி தாண்டியும் காற்று குறையவில்லை. “மைக்குக்காரப் புள்ள சொல்லிருச்சு, இந்தா அமந்துரும்” என்று மீனவர் சீனி காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) தன் இரண்டு மகன்களோடு வள்ளத்தைத் தள்ளிவிட்டார். மற்றவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார்; அந்தக் காற்றிலும் வள்ளங்கள் கிளம்புவதைப் பார்த்து நேராக மையத்துக்கு வந்தார்.

“ஏத்தா, யாரு பேருல உள்ள போனே?”

“எம்பேருலதாண்ணே.”

அண்ணன் விரல்விட்டுக் கூட்டினார். “பத்தும் அஞ்சரையும்... மூணரை! காத்து மூணரைக்குத்தான் அமரும்!” மைக்கைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கிப் போகிறவர், அதைப் பிடுங்கிக் கத்தினார்: “யாரும் போகாதீக! கல்கத்தா! கல்கத்தா!”

ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த நடுக்கம் புரிந்தது. அவிழ்த்த கயிறுகளை மறுபடி கட்டினார்கள்.

சீனி காக்காவின் வள்ளம் மட்டும் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. செல்போன் அடித்தால் தொடர்பு கிடைக்கவில்லை. காக்காவின் மனைவி மணலில் உட்கார்ந்து அல்லாவிடம் கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது.

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது வள்ளம் தெரிந்தது. பாய்மரம் முறிந்து, வலை போய், மூன்று பேரும் மாற்றி மாற்றித் தண்ணீரை இறைத்தபடி வந்தார்கள். மூன்று பேரும் இருந்தார்கள்.

அண்ணன் அழவில்லை. ஈர வேட்டியோடு மையத்துக்கு வந்து ரூட்டாக உள்ளே போனார். செருப்பும் மின்விசிறியும் அவர் நினைவிலேயே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அந்த வரியைப் பொதுக் கோப்பில் எழுதினார். “வெளிய போயிட்டு உம்பேருல மறுபடி உள்ள வா தாயி” என்றார். வந்தேன். நம் நேரம் காட்டியது. அப்புறம்தான் நாற்காலியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

மறுநாளிலிருந்து தினமும் கடைசி வள்ளம் திரும்பும்வரை அவர் கரையை விட்டு நகரவில்லை. சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. நடுக்கடலில் சீனி காக்கா மகன்களை விரட்டுவது அவருக்கு எங்கே தெரியப்போகிறது: “ஏலே, சீக்கிரம் வலைய இழுங்கலே. அங்கன அந்த மனுசன் சோறு திங்காம நிப்பாரு.”