அண்ணன் பிள்ளை ஏழே முக்கால்

"ஏழே முக்கால்டா," என்றான் அண்ணன், கடல் தாண்டிய ஊரிலிருந்து.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் காதில் வைத்திருந்த சின்னவன், உள்ளே இருந்த தொட்டிலைத் திரும்பிப் பார்த்தான். அண்ணிக்கு நேற்றுப் பிரசவம். சின்னவன் மனைவிக்கு இன்று காலையில். தொட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் மகளின் எடை மூன்று கிலோ அறுநூற்று முப்பது கிராம் என்றிருந்தது. படித்தபோது பூரித்துத்தான் போயிருந்தான். இப்போது அதே பிள்ளை பாதியாய்த் தெரிந்தது.

படிப்பு, உயரம், தலைமுடி, எல்லாவற்றிலும் அண்ணன் ஒருபடி மேல். ஊருக்கே முடிவெட்டும் சின்னவனுக்கு வழுக்கை. அம்மாகூட அண்ணியின் பிரசவத்துக்குத்தான் விமானம் ஏறியிருந்தாள். பிறந்த பிள்ளையிலுமா தோற்க வேண்டும்?

"உன்னோடது எவ்வளவு?"

"எட்டு," என்று வாயில் வந்துவிட்டது.

போன் அம்மா கைக்கு மாறியது. நம் வம்சத்திலேயே எட்டு கிடையாது என்று உருகியவள், உடனே படம் அனுப்பச் சொன்னாள். பிள்ளை பெரிதாய்த் தெரியட்டும் என்று சின்னவன் மகளுக்குப் பக்கத்தில் குட்டி மருந்து ஸ்பூனை வைத்து, கன்னத்தை ஒட்டிப் படமெடுத்தான். கண்விழித்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"பெத்தது நான். நீங்க எதுக்கு எடை ஏத்துறீங்க?"

மாலைக்குள் சொந்தமெல்லாம் செய்தி பரவி, உள்ளூர் அத்தை வந்து இறங்கினாள். எட்டு என்றால் எட்டு கிலோதான் என்று, தவழும் பிள்ளைக்கான சட்டைகளாகப் பார்த்து வாங்கியிருந்தாள். ஒன்றைப் போட்டதும் மகள் சட்டைக்குள் காணாமல் போனாள். அத்தை பிள்ளையைத் திருப்பிப் பார்த்தாள். தொட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு நேராகப் போய் வார்டு நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை மாற்றிவிட்டீர்கள், எங்கள் எட்டு கிலோ எங்கே என்று கேட்டாள்.

அடுத்த கட்டில்காரிகள் அவரவர் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். அதற்குள் அம்மாவையே போனில் கூப்பிட்டிருந்த அத்தை, அதைச் சின்னவனிடம் நீட்டினாள்.

இனி மறைக்க வழியில்லை.

"எட்டு இல்லம்மா. அண்ணன் மேல இருந்த பொறாமையில சொல்லிட்டேன். மூணு அறுநூத்தி முப்பதுதான்."

அம்மா விசும்பத் தொடங்கினாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களா, உயிருக்கு ஒன்றுமில்லையே என்றாள். போனை வாங்கிய அண்ணன், அத்தனை சின்னப் பிள்ளைகூட இந்தக் காலத்தில் தேறிவிடும், மனதைத் தளர விடாதே என்றான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். அந்த இரக்கத்தைத்தான் சின்னவனால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

நர்ஸ் அட்டையை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார்.

"உங்க அண்ணன் ஊர்ல பிள்ளை எடையைப் பவுண்டுலதான் சொல்லுவாங்க சார். மூணு கிலோ அறுநூத்தி முப்பதுன்னா எட்டு பவுண்டு. முதல்ல உண்மையைத்தானே சொன்னீங்க, அப்புறம் ஏன் மாத்துனீங்க?"