தத்திகளுக்கு நான் கொடுத்த மரண அறிவித்தல்

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கு ஒரு வியாதி வரும். எங்கே ஒரு மாதம் வேலை செய்தாலும் அந்தத் தொழிலில் பட்டம் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. வவுனியாவில் ஒரு கராஜில் நின்றேன், மெக்கானிக் ஆனேன். நாயாற்றில் இறால் உரித்தேன், கடல் அறிஞன் ஆனேன். பரந்தனில் ஒரு கிருமிநாசினிக் கடையில் போத்தல் அடுக்கினேன். அங்கிருந்து வெளியே வரும்போது நான் பூச்சி நிபுணன். (ஏன் வெளியே வந்தேன் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டால் சந்தோசமாகச் சொல்வார்.)

அந்த மாரிமழைக் காலபோகத்தில்தான் கண்டாவளையில் அக்காவின் நெல்வயலில் தத்தி விழுந்தது. அத்தான் கடைசிச் சண்டையில் காணாமற் போனவர். அதன் பிறகு விதைப்பதும் தண்ணீர் கட்டுவதும் காவல் பார்ப்பதும் எல்லாம் அக்காதான். அவளுக்கும் மகளுக்கும் ஒரு வருடச் சோறு அந்த வயலில் நின்றது.

தத்தி, அரிசியின் பாதியளவுகூட இல்லாத கபில நிறப் பூச்சி. பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாகக் குந்தியிருந்து, ஊசிபோன்ற வாயைத் தண்டில் குத்திச் சாறு குடிக்கும். வரம்பில் நின்று பார்ப்பவனுக்கு வயல் பச்சையாகவே தெரியும்.

"விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுவமே?" என்று அக்கா கேட்டாள்.

"அவா வந்து என்ன செய்யப்போறா? நான் இருக்கிறன்தானே."

மெசினை முதுகில் கொழுவிக்கொண்டு வயல் முழுக்க மருந்தடித்தேன். தாராளமாக, இலைகளின் மேலே. அடியில் குந்தியிருந்தவர்களுக்கு வெளியே மழை பெய்வதுபோலக் கேட்டிருக்கும்.

சில நாள் கழித்து இறங்கிப் பார்த்தால், தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. தண்டுகளிலும் ஒட்டியிருந்தன. தலை, வயிறு, ஆறு கால், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம்.

பக்கத்து வயல் சிவம் அண்ணையும் வந்து வரம்பில் நின்றார். பிரசங்கத்துக்கு அந்தச் சபை போதும்.

"அண்ணை, எங்களுக்கு எலும்பு உள்ளுக்கை. உவைக்கு ஓடுதான் எலும்பு, அது வெளியிலை. இறால், நண்டு, பூச்சி எல்லாம் ஒரே சாதி. இதயம் முதுகுப் பக்கம். மூச்சு விடுற ஓட்டை விலாவிலை. மருந்து அந்த ஓட்டையாலை போய் உள்ளை கிடந்ததெல்லாத்தையும் கரைச்சுப்போட்டுது. பாருங்கோ, வெறும் ஓடு."

"மூக்கு விலாவிலையோ?" சிவம் அண்ணை யோசித்தார். "அப்ப தடிமன் வந்தா எங்கை துடைக்கிறது?"

"தடிமன் வர முதலே எல்லாரும் முடிஞ்சினம்."

அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

பிறகு வயலில் வட்டவட்டமாக மஞ்சள் விழுந்தது. மஞ்சள் காய்ந்து, நெருப்பு வைத்த இடம்போலக் கருகியது. அக்கா என்னிடம் கேட்காமலே போதனாசிரியரைக் கூட்டிவந்தாள். அந்த அம்மா சேற்றில் இறங்கி, வெள்ளை ஓடு ஒன்றை விரல் நுனியில் எடுத்தார்.

"இது செத்ததெண்டு ஆர் சொன்னது?"

அக்கா என்னைக் காட்டவில்லை. சிவம் அண்ணை காட்டினார்.

"தம்பி, வடிவாப் பாருங்கோ. முதுகு நடுவாலை வெடிச்சிருக்கு. ஓடு வெளியிலை இருந்தா உள்ளை இருக்கிறவர் எப்பிடி வளருறது? ஓடு கூடவே வளராது. அதாலை பழசை வெடிக்கப்பண்ணிக் கழட்டிப்போட்டு வெளியிலை வருவினம். புதுசு முதல்லை மெத்தெண்டு இருக்கும், பிறகு இறுகும். பெரிசாகிறதுக்கிடையிலை ஒவ்வொருத்தரும் அஞ்சு தரம் கழட்டுவினம். நீங்கள் பாத்தது பிரேதமில்லை, கழட்டிப்போட்ட உடுப்பு."

ஒரு நெற்பற்றையை அடியோடு விரித்துக் காட்டினார். கபில நிறத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன.

"உவைதான் ஆக்கள். உங்கடை மருந்து, உவையைப் பிடிச்சுத் தின்னுற சிலந்தியளைத்தான் சாகடிச்சிருக்கு."

நாயாற்றில் எத்தனை கூடை இறாலுக்கு ஓடு உரித்திருப்பேன். அவை தாங்களாகவும் உரித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நெல் வெட்டும் மெசின் வந்து, கருகாமல் நின்ற ஒரு மூலையை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்பிப் போனது. அந்த வருடம் அக்கா கச்சான் கடலைத் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். சொந்த வயல்காரி, கடையில் அரிசி வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் போயிருப்பேன். அந்த வசதியையும் அவள் தரவில்லை.

சில வருடங்கள் போய்விட்டன. இப்போது எங்கள் வீட்டில் நான் எதையாவது செத்துப்போனது என்று சொன்னால் அதற்கு ஆயுசு கெட்டி. ரோர்ச் பற்றறி செத்துப்போச்சு என்றால், "அப்ப இன்னும் ரெண்டு வருசம் எரியும் மாமா" என்பாள் அக்காவின் மகள்.

போன வருடம் கிராம அலுவலர் வந்து, அத்தானுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி ஏதும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா குசினிக்குள் போய் அரிசி அரித்தாள். நான் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, எத்தினை வருசமாச்சு. அத்தான் இல்லையெண்டுதான் இனி நினைக்க வேணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயே சொல்லிப்போட்டாய்," என்றாள். "அப்ப வந்திடுவார்."

மகள் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் யார் வந்து சான்றிதழ் கதை எடுத்தாலும், அக்கா அவர்களைக் கதிரையில் இருத்தி, நான் மருந்தடித்த கதையை முதலிலிருந்து சொல்லுகிறாள். அவர்கள் வயிறு நோகச் சிரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போகிறார்கள்.